மங்கிய வண்டியும் மெருகேற்றும் கையும்



வெயிலில் மங்கிப்போன பழைய காரின் பெயிண்டுக்கு மெருகேற்றும் வேலையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பட்டறையில் 'ரப்பிங் பாலிஷ்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். டிங்கர் வேலை செய்பவருக்கும் பெயிண்டருக்கும் இருக்கும் மரியாதை பாலிஷ் போடுகிறவருக்கு இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் டப்பாவையும் பனியன் வேஸ்டையும் கொடுத்து, "தேய்டா" என்று விட்டுவிடுகிற இடங்களும் உண்டு. இந்த அலட்சியம் தவறு. கார்ப் பட்டறையில் நடக்கும் கைவேலைகளில் மிகுந்த நிதானம் கேட்பது இதுதான் என்பது என் கருத்து.

ஒரு வெள்ளை அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். அதன் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. ஆகவே இன்று நாம் பார்க்கும் எந்த அம்பாசிடரும் பத்து வருஷத்துக்கு மேல் வெயில் குடித்த வண்டிதான். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தால், வெள்ளையடித்த சுவரில் சாய்ந்த சட்டை மாதிரி கை முழுக்கப் பொடி ஒட்டியிருக்கும். கூரையும் அப்படியே. கதவுகளில் அவ்வளவு இருக்காது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாகங்கள்தான் முதலில் கெடுகின்றன.

பெயிண்டுக்குள் நிறம் தரும் பொடியும், அந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் இருக்கின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தப் பிசினைச் சிதைக்கிறது. பிடிமானம் போனதும் நிறப்பொடி உதிரத் தொடங்குகிறது. வெள்ளைக்குச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடுக்கு வெயில் பட்டால் பக்கத்துப் பிசினைத் தானே சிதைக்கும் குணமும் உண்டு. அதனால்தான் பழைய வெள்ளை வண்டிகளில் இவ்வளவு பொடி. சிவப்பு வண்டியின் கதை வேறு. அங்கே நிறப்பொடியே வெளிறி, ரத்தச் சிவப்பு நாளடைவில் ரோஸ் நிறமாகிவிடும்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. செத்துப்போனது மேல்தோல் மட்டும்தான். அதற்கு அடியில் அதே நிறம், அதே பெயிண்ட், வெயில் படாமல் பத்திரமாக இருக்கிறது. செத்த தோலை மட்டும் எடுத்துவிட்டு, உயிருள்ளதைத் தொடாமல் நிறுத்துவது, இதுதான் இந்தக் கலையின் மொத்த சூட்சுமமும்.

பெயிண்டோடு கூடவே பிறந்த வேலை இது என்றும் சொல்லலாம். 1920-களுக்கு முன்பு காருக்கு வார்னிஷ் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கொண்டுவந்தது. சீக்கிரம் காயும், ஆனால் காய்ந்ததும் மினுமினுப்பு போதாது. தேய்த்துத்தான் பளபளப்பைக் கொண்டுவர வேண்டும். டூகோ என்ற அந்தப் பெயர் இன்றும் நம் பட்டறைகளில் புழங்குகிறது. நம் ஊரின் பழைய ஃபியட்டையும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் பளபளக்க வைத்ததில் ஸ்ப்ரே கன்னுக்கு எவ்வளவு பங்கோ, துணி பிடித்த கைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

தேர்ந்த கைக்காரர் வண்டி வந்ததும் பஃபிங் மெஷினை எடுக்கமாட்டார். முதலில் நன்றாகக் கழுவுவார். அதுவும் போர் தண்ணீராக இருந்தால் காய விடாமல் துடைப்பார். உப்புக் கறை படிந்தால் அதை எடுப்பது தனி வேலை. பிறகு வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷைத் தொட்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் மெதுவாகத் தேய்த்துத் துணியைத் திருப்பிப் பார்ப்பார். நீல வண்டியில் துணி நீலமானால், நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் உள்ள பழைய முறை பெயிண்ட். துணியில் நிறமே ஏறாவிட்டால், நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. இந்த ஒரு நிமிஷச் சோதனைதான் மேற்கொண்டு செய்யப்போகும் வேலை முழுவதையும் முடிவு செய்கிறது.

ஏனென்றால் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான். முடியை விட மெல்லிய அந்தப் பூச்சில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதைப் பாதியாகத் தேய்த்துவிட்டால், இன்றைக்கு வண்டி ஜொலிக்கும். சில கோடைகள் போனதும் பூச்சு உரிய ஆரம்பிக்கும்.

இதனால்தான் மென்மையான பாலிஷில் தொடங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. பானட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தைக் குறித்துக்கொண்டு, மிக லேசான பாலிஷைப் போட்டுப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் அடுத்த படி, அதைவிட முரடான காம்பவுண்ட். அதிலும் தீராத ஆழமான குறைக்கு மட்டும் 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டு. எடுத்த எடுப்பில் முரட்டு காம்பவுண்டில் தொடங்குகிறவர் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார், பெயிண்டைச் செலவழிக்கிறார்.

பானட்டின் ஓரத்துக்கு வாருங்கள். தகடு மடங்கும் அந்த விளிம்பிலும், கதவில் ஓடும் கோட்டின் முகட்டிலும் பெயிண்ட் மற்ற இடங்களை விட மெலிதாக நிற்கும். சுழலும் பஃபிங் மெஷின் அங்கே சில விநாடி நின்றால் போதும், சூடேறி, அடிப்பூச்சான பிரைமர் வெளியே வந்துவிடும். அனுபவசாலி அந்த விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினை ஓட்டுவார். கடைசியில் டேப்பை உரித்து, விரல் நுனியில் துணியைச் சுற்றி அந்த ஓரத்தைக் கையாலேயே முடிப்பார். ஒருவரின் தரத்தை அறிய பானட்டின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்.

கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டுக்கு இன்னொரு பக்குவமும் உண்டு. வறண்டுபோன பெயிண்டைத் தேய்ப்பதற்கு முன், எண்ணெய்ச் சத்துள்ள கிளேஸைத் தாராளமாகப் பூசி ஓர் இரவு ஊறவிடுவது. பெயிண்ட் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், நிறம் ஆழமாகும், மறுநாள் தேய்க்க வேண்டியதும் குறையும். இதெல்லாம் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது நடக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் காலை வேளையே உத்தமம். பழைய சிவப்பு, மஞ்சள் பெயிண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கையுறையும் முகமூடியும் கட்டாயம். நிறம் ஏறிய துணியைக் குழந்தைகள் கையில் படாமல் அப்புறப்படுத்துங்கள்.

முடிவில் வாக்ஸ். அது இல்லாமல் வேலை முடியாது. புதிதாக வெளிப்பட்ட பெயிண்டுக்கு வெயிலிலிருந்து மறைப்பு வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸைப் புதுப்பிக்கவும் வேண்டும். மண்ணெண்ணெயையோ டீசலையோ தொட்டுத் துடைத்துப் பளபளப்புக் காட்டுவது ஏமாற்று வேலை. ஒன்றிரண்டு நாளில் தூசியை இழுத்து, பழைய நிலையை விட மோசமாக்கும்.

இந்தக் கலைக்கு எல்லையும் உண்டு. கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்திருந்தால், பெயிண்ட் வலை வலையாக வெடித்திருந்தால், அடியிலிருந்து துரு கிளம்பியிருந்தால், பாலிஷ் எதையும் சரிசெய்யாது. "இதற்குப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும், பாலிஷுக்குக் காசு கொடுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புகிற பட்டறைக்காரரை நம்பி அடுத்த வண்டியையும் கொடுக்கலாம்.

மற்றபடி, மங்கிய ஒரே காரணத்துக்காகப் பழைய வண்டியைச் சுரண்டி முழுப் பெயிண்ட் அடிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் ஒரு வண்டிக்கு ஒருமுறைதான் கிடைக்கும். பழைய கார்களைச் சேகரிப்பவர்கள், புதுப்பெயிண்ட் அடித்த வண்டியை விட முதல் பெயிண்டோடு நிற்கும் வண்டியைத் தேடிப் போவது அதனால்தான். சின்னச் சின்னக் கீறல் இருக்கட்டும். எழுபது சதவீதம் மெருகு வந்தால் போதும், மீதிப் பெயிண்டை அடுத்த தலைமுறைக்கு விட்டுவையுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலிஷ் வேலையைப் புதுப் பையனின் தலையில் கட்டாதீர்கள். உங்களிடம் இருக்கும் மிக நிதானமான கையிடம் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்களும் "எவ்வளவு பளபளக்கும்?" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு பெயிண்ட் மிஞ்சும்?" என்று கேளுங்கள். அதற்கு யோசித்துப் பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுங்கள்.