ஹார்வார்ட் தோட்டத்துத் தொண்டர் படை
(ஜாசின் வட்டாரத்தில் தொண்டர் மன்றம் அமைக்கக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உள்ளே வரும்போது ஒரு பெரியவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "மரம் வெட்டுகிறவனும் கிராணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்ன தம்பி செய்யப் போகிறீர்கள்?" நல்ல கேள்வி. விடை தேடக் கொஞ்சம் வடக்கே, கெடாவுக்குப் போக வேண்டும். அங்கே பீடோங் என்ற சிறு பட்டணத்தின் அருகே ஹார்வார்ட் தோட்டம்.

ஆண்டு 1946. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அரிசிக்குப் பஞ்சம். துரைமார் திரும்பி வந்தார்கள், கள்ளுக்கடையும் வந்தது. அப்போதுதான் ஏ. எம். சாமி தலைமையில் தோட்டத்து மக்கள் தொண்டர் படை கண்டார்கள். நேதாஜியின் இயக்கத்தில் அணிவகுக்கப் பழகியவர்களும் அதில் இருந்தார்கள். கையில் துப்பாக்கி இல்லை. எதிரியும் வெள்ளைக்காரப் பட்டாளம் அல்ல; கள்ளுக்கடை.

கள்ளுக்குப் போய் இவ்வளவா என்று இளைஞர்கள் நினைக்கலாம். தோட்டங்கள் பலவற்றில் கடை நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு, லயத்தில் அடுப்பு எரியுமுன் கடைக்கே திரும்பிவிடும். ஆகவே இது வெறும் ஒழுக்கப் பிரசாரம் அன்று, கூலிப் பிரச்சினை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோழர்கள் வேலை நிறுத்தம் செய்தபோதும், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதோடும், கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை.

தொண்டர் படை தவறே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். குடித்தவரை மிரட்டியும் தண்டித்தும் திருத்த முயன்றதுண்டு. அடிபட்டவனும் நம் லயத்துக்காரன்தானே? அதை நாம் பின்பற்ற வேண்டாம்.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் தடியடி நடத்தியது. காயம்பட்ட தொழிலாளி ஒருவர் மாண்டார். அடுத்த சில நாளில் ஹார்வார்ட் தோட்டத்தில் 60 பேருக்கு மேல் கைதானார்கள். படை நெடுநாள் நிலைக்கவில்லை. 1948இல் அவசர காலம் வந்து தொழிற்சங்கங்களையும் முடக்கியது. 1954இல்தான் ஐந்து தோட்டச் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

இப்போது நம் மலாக்காவைப் பாருங்கள். பால்மர நிரைகள் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை. லயங்களை இடித்தாயிற்று. நம் மக்கள் பட்டணத்து ஓரங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் பிறப்புப் பத்திரம் இல்லாதவர், அடையாளக் கார்டு இல்லாதவர் இன்றும் உண்டு. கார்டு இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் பாடு, மருத்துவமனையிலும் பாடு.

பெரியவர் கேள்விக்கு இப்போது வருகிறோம். இந்தப் பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் பிறந்தாள், பிரசவம் பார்த்தது யார் என்பது அவளோடு மரம் வெட்டியவருக்குத்தான் தெரியும். அதை எந்தப் பாரத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது கிராணிக்குத் தெரியும். ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஆகாது. சாட்சி சொல்ல வேண்டிய முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாசல் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் பெயரையும், கார்டு இல்லாத உங்கள் அண்டை வீட்டார் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், கிராணி எழுதுவார். பெரியவரே, நீங்கள் முதலில் வாருங்கள்.