எஞ்சினின் அமுக்கம்

திறவுகோலைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கின்றது, ஆயினும் பற்றிக்கொள்ளவில்லை. பற்றறி நன்றாக இருக்கின்றது, பெற்றோல் இருக்கின்றது, பிளக்கில் பொறியும் தெறிக்கின்றது. அப்படியிருந்தும் வண்டி இயங்க மறுக்கின்றது. இத்தகைய வேளையில் சுற்றி நிற்போர் கூறும் தீர்ப்புப் பெரும்பாலும் ஒன்றேயாகும்: "எஞ்சின் போய்விட்டது, முழுவதையும் கழற்றத்தான் வேண்டும்." வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இத்தீர்ப்புப் பல மாத உழைப்பைக் கொண்டு போய்விடும். அது சரியோ பிழையோ என்பதை, பிளக் கழற்றும் ஸ்பனர் ஒன்றும், அமுக்கமானி ஒன்றும், ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலும் கொண்டு ஒரு மணி நேரத்துள் பெரிதும் அறிந்துகொள்ளலாம். அது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பெற்றோல் எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் புகுகின்றன. பிஸ்டன் மேலேறும்போது அக்கலவை சிறியதோர் இடத்துக்குள் நெருக்கப்படுகின்றது. 1956 ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 என்னும் வண்டியின் ஒரு வகை எஞ்சினில், 8.3 பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்துக்குள் அடக்கப்பட்டது. இவ்வாறு நெருங்கிச் சூடேறிய கலவையே பொறி பட்டதும் வலிமையோடு எரியும். நெருக்கம் குறைந்தால், எத்துணை நல்ல பொறியும் பயன் தராது.

அமுக்கம் தப்பியோடக்கூடிய வழிகள் மிகச் சிலவே. பிஸ்டனைச் சூழ்ந்த றிங்குகளுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையால் அது கீழே போகலாம். சரியாக மூடாத வால்வின் வழியே மேலே போகலாம். சிலிண்டர்த் தலைக்கு அடியில் உள்ள கஸ்கற் கருகியிருந்தால், பக்கத்துச் சிலிண்டருக்கோ தண்ணீர் ஓடும் வழிக்கோ போகலாம். இவற்றுள் எவ்வழி என்று காண்பதே நோயறிதல் ஆகும்.

முன்புறத்தில் ஹாண்டில் இட்டுச் சுழற்றக்கூடிய பழைய வண்டியாயின், முதற் சோதனைக்குக் கையே போதும். பொறிச் சாவியை மூடி, கியரை நீக்கி, கைப்பிறேக்கை இழுத்துவிட்டு, ஹாண்டிலை மெல்லச் சுற்றுக. பெருவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஹாண்டில் திருப்பி அடித்தால் விரலுக்கு ஆபத்து. நான்கு சிலிண்டர் எஞ்சின், இரண்டு முழுச் சுற்றில் நான்கு முறை கையை எதிர்க்கும். மூன்று முறை எதிர்த்து ஒரு முறை வழுக்கிச் சென்றால், ஒரு சிலிண்டர் பழுது.

இனி அமுக்கமானியைக் கையில் எடுப்போம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றுக. பொறிச்சுருளின் இணைப்பைப் பிரித்துவிடுக. பெற்றோல் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறி பறக்கலாகாது. புதிய வண்டியாயின் பெற்றோல் ஊட்டத்தையும் நிறுத்துக. அக்ஸிலறேற்றரை முழுதாக மிதித்து, சோக்கைத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு அமுக்கங்களுக்குச் சுழற்றி, மானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்க. மிதியை அழுத்த மறந்தால் காற்று உட்புகாது. நல்ல எஞ்சினும் நோயாளி போலத் தோன்றும். பற்றறி சோர்ந்திருந்தாலும் அவ்வாறே.

உரிய அளவை அவ்வண்டியின் கைந்நூலே கூறும். பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலுக்கு மேல் இருப்பது நன்று. 100 இறாத்தலுக்குக் கீழே இறங்க இறங்க, குளிர்ந்த எஞ்சின் பற்றுவது அரிதாகும். ஆயினும் தனித்த ஓர் அளவைவிட, சிலிண்டர்களுக்கு இடையேயுள்ள ஒற்றுமையே முக்கியம்.

ஓர் உதாரணம் காண்போம். நான்கு சிலிண்டர்களின் அளவுகள் 140, 135, 60, 138 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் பிழை. அதனுள் ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு, மீண்டும் அளக்க. ஒயில் றிங்குகளைச் சூழ்ந்து இடைவெளியைச் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும். அளவு 60 இலிருந்து 115 ஆக உயர்ந்தால், றிங்குகளோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்துள்ளன. 65 உடன் நின்றுவிட்டால், பிழை வால்விலோ கஸ்கற்றிலோ உள்ளது. ஒயிலை அளவுக்கு மிஞ்சி ஊற்றலாகாது. அது இடத்தை நிரப்பிப் பொய்யான உயர்வைக் காட்டும்.

அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒன்றுபோலக் குறைந்திருந்தால், அவற்றின் நடுவே கஸ்கற் கருகியிருத்தல் கூடும். ஒயில் பால்போல் வெளுத்திருப்பதும், றேடியேற்றரில் குமிழி எழுவதும் கஸ்கற்றையே பெரும்பாலும் சுட்டும். எல்லாச் சிலிண்டர்களும் ஒருங்கே வீழ்ந்து, எஞ்சினும் வழக்கத்துக்கு மாறாக இலேசாகச் சுழன்றால், வால்வுகளை இயக்கும் சங்கிலியையோ பட்டியையோ முதலிற் பார்க்க வேண்டும்.

காற்றமுக்கி உள்ள கராஜில் இன்னுமொரு சோதனை செய்யலாம். பிஸ்டனை அமுக்கத்தின் உச்சியில் நிறுத்திப் பிளக்குத் துளையால் காற்றைச் செலுத்திவிட்டுச் செவிசாய்க்க. காபுரேற்றரில் சீறினால் உள்வால்வு. புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு. ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் றிங்குகள்.

நேயர்களே, கழற்றாமலே தீரும் குறைகளும் உண்டு. பலமுறை முயன்றபோது மிகுதியாகப் பாய்ந்த பெற்றோல் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவிவிட்டால், நல்ல எஞ்சினும் அமுக்கம் இழக்கும். சில துளி ஒயில் அதனை மீட்டுவிடும். வால்வு இடைவெளி இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது. மொறிஸ் மைனர் 1000 இன் எஞ்சினுக்கு அவ்விடைவெளி 0.012 அங்குலம். இதனைச் சரிசெய்யப் புதிய உறுப்பு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இறுகிய நிலையிலேயே நெடுங்காலம் ஓடிய வெளிவால்வு எரிந்துபோகும். பின்னர் தலையைக் கழற்றாமல் தீராது.

நம் நாட்டில் இப்பாடத்தை அனுபவமாகவே கற்றவர்கள் உளர். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது தடைப்பட்டிருந்த காலத்தில், பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பற்றவைத்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி, றிங்குகளைத் தாண்டிக் கீழிறங்கி, ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் தேய்மானத்தைக் கூட்டும். தேய்மானம் அமுக்கத்தைக் குறைக்கும். வேறு வழியின்றி அவ்வாறு ஓட்டப்பட்ட வண்டிகளே நோயாளரையும் பயணிகளையும் சுமந்தன. ஒயிலை அடிக்கடி மாற்றியவரின் எஞ்சின் நீடித்து உழைத்தது.

ஆகவே, வண்டி பற்றவில்லையென்றால் முதலில் அளவுகளைக் கேளுங்கள். நான்கு எண்களையும், ஒயில் விட்ட பின் கிடைத்த எண்களையும் ஒரு தாளில் எழுதித் தருமாறு மெக்கானிக்கிடம் கூறுங்கள். வால்வுக் குறைக்குத் தலையை மட்டும் கழற்றினாற் போதும். றிங்குக் குறைக்கே அடிவரை இறங்க வேண்டும். இரண்டின் செலவும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உடையன. நல்ல மெக்கானிக் அந்தத் தாளைத் தர ஒருபோதும் தயங்கார்.