வளைந்த முதுகும் வளையாத முயற்சியும்



மனித உடலைத் தாங்கி நிற்கும் நடுத்தூண் முதுகெலும்பு. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இத்தூண் அமைந்துள்ளது. பின்னால் நின்று நோக்கினால் அது நேர்கோடாகத் தோன்றவேண்டும். அக்கோடு இடமாகவோ வலமாகவோ வளைந்து செல்வதையே முதுகெலும்பின் பக்கவளைவு என்கிறோம். மருத்துவர்கள் இதனை ஸ்கோலியோசிஸ் என்பர்.

வளைவு என்றதும் வில்லை மட்டும் எண்ணிவிடலாகாது. முள்ளெலும்புகள் பக்கவாட்டில் சாய்வதோடு, சுழன்றேறும் மாடிப்படி போலத் தம் அச்சிலும் திரும்புகின்றன. அவற்றோடு பிணைந்த விலா எலும்புகளும் உடன் திரும்புகின்றன. அதனால் முதுகின் ஒருபுறம் புடைத்தும், மறுபுறம் பள்ளமாகவும் காணப்படும். சாய்வும் திருப்பமும் சேர்ந்ததே இக்குறை என்பதை மனத்திற் கொண்டால், இதற்கென ஏன் தனிப்பயிற்சி வேண்டும் என்பது தானே விளங்கும்.

இக்குறை யாரைப் பற்றுகிறது? பத்து வயதுக்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினருள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேரிடம் இது காணப்படுகிறது. அவர்களுட் பெரும்பாலோர்க்குக் காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்றுவரை உறுதிபடக் கூறவில்லை. மரபுக்கு ஒரு பங்கு உண்டு என்பது மட்டும் தெளிவு. சிறிய வளைவுகள் ஆண், பெண் இருபாலரிடமும் ஏறத்தாழ ஒத்துக் காணப்படினும், வளர்ந்து பெரிதாகும் வளைவுகள் பெண் பிள்ளைகளிடமே மிகுதி. புத்தகப் பை சுமந்ததாலோ, கோணலாக அமர்ந்து எழுதியதாலோ இது வருவதில்லை. ஆகவே பிள்ளையையும் பழிக்க வேண்டா. பெற்ற தாயையும் பழிக்க வேண்டா.

ஆயினும் நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஒரு தோள் சற்றே உயர்ந்திருப்பதைத் தாய் காண்கிறாள். "வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையாது" என்னும் அச்சம் எழுகிறது. தாவணியும் துப்பட்டாவும் குறையை மறைத்துவிடுகின்றன. பெரும்பாலும் அவ்வயதில் கடுமையான வலியும் இராது. எனவே பெண்ணும் வாய் திறப்பதில்லை. இதற்கிடையே அவள் விரைந்து உயரம் பெறும் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. வளைவு மிகுதியாகும் காலமும் அதுவே. அதனைத் தடுத்து நிறுத்துதற்கு உரிய காலமும் அதுவே. யாரோ ஒருவர் வாய்க்கு அஞ்சி இழந்த அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் பின்னர் எவராலும் மீட்டுத் தர இயலாது.

இதனைக் கண்டறிதல் எளிது. லண்டன் நகரின் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865ஆம் ஆண்டிலேயே உரைத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல் நின்று, இரு கைகளையும் கூப்பித் தொங்கவிட்டு, முன்னோக்கிக் குனியவேண்டும். பின்னால் நின்று நோக்கும் தாய், முதுகின் இருபுறமும் ஒரே மட்டத்தில் உள்ளனவா எனக் காணவேண்டும். ஒருபுறம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரை நாடவேண்டும். தோள்களின் ஏற்றத்தாழ்வு, ஒரு தோள்பட்டை எலும்பு புடைத்திருத்தல், இடுப்பின் இருபுற மடிப்புகளும் ஒவ்வாமை ஆகியனவும் அடையாளங்களே.

மருத்துவர் நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்து வளைவின் கோணத்தை அளப்பார். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் வகுத்த முறை இது. 10 பாகையும் அதற்கு மேலும் இருப்பதே பக்கவளைவு எனக் கொள்ளப்படும். சிறிய வளைவாயின் சில திங்களுக்கு ஒருமுறை கண்காணிப்பும் பயிற்சியும் போதும். வளரும் பிள்ளைக்கு 25 பாகையைத் தாண்டினால், பிரேஸ் எனப்படும் உடற்கவசம் அணியுமாறு கூறுவர். 45 அல்லது 50 பாகையைக் கடந்தால் அறுவை மருத்துவம் பற்றி ஆராய்வர்.

பயிற்சியின் வரலாறு ஒரு பெண்ணின் மனவுறுதியிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1894இல் பிறந்தவர் கத்தரீனா ஷ்ரோத். பக்கவளைவு கொண்ட அவருக்குப் பதினாறாம் வயதில் எஃகாலான கவசம் பூட்டப்பெற்றது. காற்று நிறைந்தால் பலூனின் பள்ளம் மேலெழுவதைக் கண்டு, தம் முதுகின் பள்ளமான பக்கத்தையும் மூச்சுக் காற்றால் விரிக்கலாகாதா என அவர் சிந்தித்தார். கண்ணாடியின் முன் நின்று தம் உடலையே நோக்கி நோக்கித் திருத்தினார். அவர் மருத்துவர் அல்லர்; ஆயினும் 1921இல் மைசன் நகரில் சிறியதொரு பயிற்சி இல்லத்தை நிறுவிப் பிறர்க்கும் கற்பித்தார். பின்னர் 1961இல் மகள் கிறிஸ்தாவுடன் சோபர்ன்ஹைம் என்னும் ஊரில் அப்பணியைத் தொடர்ந்தார். 1985இல் அவர் மறைந்தபின்னும் அவர்தம் முறை பல நாடுகளில் பயிற்றப்படுகிறது.

அம்முறையின் சாரம் இதுதான். முதலில் இடுப்பை நிலைப்படுத்தி முதுகை மேல்நோக்கி நீட்டல்; அடுத்து, சாய்ந்த பகுதியை நடுக்கோட்டுக்குக் கொணர்தல்; பின்பு, பள்ளமான பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி விலா எலும்புகளை விரித்தல்; இறுதியாக, அந்நிலை குலையாமல் தசைகளை இறுக்கி நிறுத்தல். நேராக நிற்பது எவ்வாறு இருக்கும் என்பதை உடலே கற்றுக்கொள்கிறது. நிற்கையிலும் அமர்கையிலும் எழுதுகையிலும் அக்கல்வி கைகொடுக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வலப்புறம் வளைந்தவர்க்கு உரிய பயிற்சி இடப்புறம் வளைந்தவர்க்குப் பொருந்தாது. கைப்பேசியில் கண்ட காட்சியைப் பார்த்துச் செய்வது தகாது. இப்பயிற்சியில் தேர்ந்த இயன்முறை மருத்துவரிடம், அதாவது பிசியோதெரபிஸ்டிடம், நேரில் கற்றல் வேண்டும். நீச்சலும் யோகாசனமும் உடல்நலத்துக்கு நல்லன. எனினும் இத்தனிப்பயிற்சிக்கு ஈடாகா.

பயிற்சி எலும்பை அளவுகோல் போல் நிமிர்த்திவிடும் என்று எவரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டா. வளைவு மிகாமல் காத்தல், சிலர்க்குச் சில பாகைகள் குறைத்தல், தோற்றத்தையும் மூச்சையும் சீராக்கல், வலியைத் தணித்தல் என்பனவே அதன் பயன்கள். கவசம் தேவைப்படுவோர் பயிற்சியைக் காட்டிக் கவசத்தைக் கைவிடலாகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வில், கவசம் அணிந்தோருள் 72 விழுக்காட்டினர்க்கும் அணியாதோருள் 48 விழுக்காட்டினர்க்கும் வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அணிந்த நேரம் கூடக் கூடப் பயனும் கூடியது.

இவை யாவும் இல்லத்தாரின் துணையின்றி நடவா. "நிமிர்ந்து நில்" எனக் கடிவதால் பயனில்லை. நிமிரும் வழியை அப்பிள்ளை இனித்தான் கற்கவேண்டும். நாள்தோறும் பயிற்சிக்கென ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டுங்கள். தந்தையோ பாட்டியோ அருகில் அமர்ந்திருங்கள். கோடை வெயிலில் கவசத்துக்குள் வியர்க்கும் பிள்ளைக்கு மெல்லிய பருத்திப் பனியனும், ஓர் அளவு தளர்ந்த சீருடையும் தைத்துக் கொடுங்கள். வகுப்பாசிரியரிடம் தனியே சென்று எடுத்துரையுங்கள்.

வளர்ச்சி முடியும்போது 30 பாகைக்குக் குறைந்த வளைவுகள் பின்னர் பெரும்பாலும் மிகுவதில்லை. பக்கவளைவு கொண்ட பெண்களுள் மிகப் பலர் இயல்பாகவே மணந்து, கருவுற்று, நலமாக மகப்பேறு கண்டு வாழ்கின்றனர். எனவே மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. காலந்தாழ்த்தாமல் கவனிப்பதற்கே நிறைய உண்டு.

விழா முடிந்து இல்லம் திரும்பியதும், பத்து வயது கடந்த உங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒருமுறை குனியச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடமே ஆகும். மேடு தெரிந்தால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.