வானில் துணைபுரியும் கருவிகள்: பயனை அளப்பது எங்ஙனம்?



1956-ஆம் ஆண்டில் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தோடு நின்றன. அப்பகுதிச் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் நன்கு பழகிய வாயிலாகும். 1935-இல் பம்பாயிலிருந்து டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் வந்திறங்கிய அவ்வூரில், இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரும் மீள்வோரும் நாள்தோறும் கூடுகின்றனர். வானில் அவர்களுக்குக் காவலாக நிற்பவர்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். அவர்களுக்குத் துணையாகக் கணினி மென்பொருள்கள் வந்துள்ளன. அவற்றால் விளையும் பயனை எவ்வாறு அளப்பது?

முதற்கண், எரிபொருள். இறங்கும் முறைக்குக் காத்து வட்டமிடும் நடுத்தர ஜெட் விமானம் நிமிடத்திற்குச் சுமார் 40 கிலோ எரிபொருளைச் செலவிடும். விமானங்களின் வரிசையை முன்னரே வகுத்துத் தரும் மென்பொருள் ஐந்து நிமிடக் காத்திருப்பைத் தவிர்த்தால், 200 கிலோ மிச்சமாகும்.

எளிய கணக்கே, ஆயினும் அதிலும் பிழை புகும். இடவப்பாதி மழை கொட்டும் ஜூன் மாதத்தில் பழைய முறையையும், வானம் தெளிந்த ஜனவரியில் புதிய கருவியையும் சோதித்து, தாமதம் குறைந்ததெனப் பெருமை கொள்ளலாகாது. அது பருவத்தின் கொடையேயன்றிக் கருவியின் கொடையன்று. ஒத்த பருவத்தையும், ஒத்த விமான எண்ணிக்கையையுமே ஒப்பிடல் வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விமானங்கள் ஒரு நிமிடத்தில் 30 கிலோமீட்டர் நெருங்கிவிடும். பாறசாலைக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ அவ்வளவே! 1996 நவம்பர் 12-இல் அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். ஒரு விமானம் தனக்குக் குறித்த உயரத்தினின்றும் தாழ்ந்தது. அன்று தில்லியில் இயங்கிய ரேடாரோ விமானங்களின் உயரத்தைக் காட்டவில்லை. 2002 ஜூலை 1-இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் அருகே 71 பேர் மாண்ட இரவில், மோதலைத் திரையில் எச்சரிக்கும் வசதி பராமரிப்பு வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதுவே தனிக்காரணம் அன்று. எனினும் கருவியின் அருமை அது இல்லாதபோது விளங்கிற்று.

நேராத விபத்தை எண்ணிக் காட்ட இயலாது. ஆகவே, எச்சரிக்கை எத்தனை வினாடி முன்னதாக எழுந்தது, எத்தனை முறை வீணாக ஒலித்தது என்னும் இரண்டையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். 'புலி வருகிறது' என்று வீணே கூவிய சிறுவனை, மெய்யாகவே புலி வந்த நாளில் எவரும் நம்பவில்லை அன்றோ?

மூன்றாவது, கட்டுப்பாட்டாளரின் மனச்சுமை. கருவி குறைத்த சுமைக்கு ஈடாக மேலும் பல விமானங்களை அவர் தலையில் ஏற்றினால், எண்ணிக்கை உயரும், ஓய்வு உயராது. எனவே ஏட்டுக் கணக்கோடு நில்லாமல், இரவுப் பணி முடித்து எழும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும். ஊர் திரும்பும் மைந்தனுக்காக நெய்யாற்றின்கரையில் விழித்திருக்கும் தாய்க்கு, மிச்சமான எரிபொருளினும் அக்கட்டுப்பாட்டாளரின் தெளிந்த மனமே பெரிது.