சாதுர்மாஸ்ய காலத்துத் தோட்டம்

(தசலட்சண விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

முதுவேனில் முடிந்துவிட்டது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது தமிழர் வகுத்த பெரும்பொழுது. வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ஜைனச் சிற்றூர்களில் ஆடிக்காற்று ஓய்ந்ததும் மாலைவேளை இடிமழை தொடங்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும். தமிழகம் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி அப்பருவத்தில்தான் பொழிகிறது.

ஊர் ஊராக நடந்து அறம் உரைக்கும் முனிவர்களும் ஆர்யிகைகளும் இம்மாதங்களில் மட்டும் ஓரிடத்தில் தங்கிவிடுகின்றனர். ஆஷாட வளர்பிறையின் இறுதியில் தொடங்கும் சாதுர்மாஸ்யம், வர்த்தமானர் வீடுபேறு அடைந்த தீபாவளியை ஒட்டி நிறைவுறுகிறது. மழைக்கு ஒதுங்குவதற்காக ஏற்பட்ட வழக்கம் அன்று இது. நனைந்த மண்ணில் புல்லும் பூச்சியும் பெருகுகின்றன. எங்கு அடி வைத்தாலும் ஓர் உயிர் மிதிபடும். அந்த உயிர்களுக்கு வழிவிட்டு அறவோர் நின்றுவிடுகின்றனர். நடக்க நேரும்போதும் நான்கு முழத் தொலைவு முன்னால் நிலத்தைப் பார்த்தே நடக்கின்றனர். ஈர்யா சமிதி என்று இதற்குப் பெயர்.

முனிவர் பார்த்து நடக்கும் அதே மண்தான் இல்லறத்தாரின் கொல்லையிலும் இருக்கிறது. அதை இல்லறத்தார் பார்க்கின்றனரா என்பதே இவ்வுரையின் கேள்வி.

உயிர்களை அறிவின் அளவால் வகுப்பது ஜைன அறம். உடம்பால் மட்டும் அறிவது ஓரறிவு. நாவும் சேர்ந்தால் ஈரறிவு. மூக்கும் சேர்ந்தால் மூவறிவு. கண் சேர்ந்தால் நாலறிவு. செவி சேர்ந்தால் ஐயறிவு. அதனுள்ளும் மனம் உடையவை, மனம் இல்லாதவை என இரு பிரிவு. தொல்காப்பியத்தின் மரபியலும் இதே வரிசையில்தான் உயிர்களை எண்ணி, மனத்தை ஆறாவதாக வைத்து மக்களை ஆறறிவுயிர் என்கிறது. பாடசாலையில் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் இந்த வரிசை முழுவதையும் ஆவணி முதல் ஐப்பசி வரை வீட்டுக் கொல்லையிலேயே கண்ணால் காணலாம்.

முதலில் ஓரறிவுயிர். கோடை முழுவதும் வெறும் வேலியாக நின்ற இடத்தில், மண்ணுக்குள் உறங்கிய கிழங்கிலிருந்து செங்காந்தள் மேலெழுகிறது. அதற்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்கிறது. மலரும்போது இதழ்கள் பசுமை கலந்த மஞ்சளாக இருக்கும். நாள் செல்லச் செல்லக் கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாகிப் பின் முழுதும் சிவக்கும். ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களைக் காண்போர் அவை மூன்று வயதுப் பூக்கள் என்று அறியலாம். தமிழகத்தின் மாநில மலர் இதுவே. இதன் கிழங்கு கொடிய நஞ்சாதலால் குழந்தைகள் கண்ணால் மட்டும் காண வேண்டிய மலரும் இதுவே.

பவழமல்லி வேறு வகை. அந்தி மயங்கும்போது விரிந்து, இரவில் மணம் பரப்பி, அந்துப்பூச்சிகளை அழைத்து, விடியுமுன் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. வெள்ளை இதழும் செம்பவழக் காம்புமாய் முற்றம் நிறையக் கிடக்கும். பிற மலர்கள் தரையில் விழுந்தால் வழிபாட்டுக்கு ஆகா என்போரும் பவழமல்லியை மட்டும் பொறுக்கி எடுப்பர். செடிக்கு நோவின்றிக் கிடைக்கும் பூ என்பதால், கொல்லாமையைப் போற்றும் இல்லங்களில் இம்மரம் ஒன்றேனும் நிற்பது சிறப்பு.

அடுத்து ஈரறிவுயிர். மழை நின்ற காலையில் கிணற்றடியில் மண்புழு கழித்த சிறு மண்ணுருண்டைகள் குவிந்திருக்கும். கோடை முழுவதும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கல்லிடுக்கில் கிடந்த நத்தை, ஈரம் பட்டதும் திறந்து வெளிவரும். அது போன தடம் வெள்ளிக் கோடாக வாழைத்தண்டில் தெரியும். நடைபாதையில் வழிதவறிய மண்புழுவை ஈர இலையில் ஏந்தி மண்ணில் விடுவது ஐந்து வயதுக் குழந்தைக்கும் இயலும் அறம்.

மூவறிவுயிரில் எறும்பும் கறையானும் எல்லோருக்கும் தெரிந்தவை. முதல் மழைகளில் மட்டும் வருவது இந்திரகோபம்; சிற்றூர்களில் தம்பலப்பூச்சி என்றும் பட்டுப்பூச்சி என்றும் சொல்வர். செம்பட்டு போர்த்தது போன்ற மேனியுடன் ஈரமண்ணில் ஊர்ந்துவரும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டுச் சில நாட்களே வெளியில் நடமாடும் உயிர் அது. எட்டுக் கால் உடைய அவ்வுயிர் உண்ணி, சிலந்தி ஆகியவற்றின் சுற்றம். அதைத் தீப்பெட்டியில் அடைத்து விளையாடும் பழக்கம் சிறுவரிடையே உண்டு. அதன் ஆண்டு முழுமைக்குமான சில நாட்களே அந்தப் பெட்டிக்குள் முடிந்துபோகின்றன என்று எடுத்துச் சொன்னால் எந்தக் குழந்தையும் பெட்டியைத் திறந்துவிடும்.

பெருமழை விட்ட மாலையில் கறையான் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். புதுக்குடி அமைக்கப் புறப்பட்ட அவற்றை வாசல் விளக்கு இழுத்துவிடுகிறது. காலையில் விளக்கடியில் இறகுகளைக் கூட்டி அள்ள வேண்டியிருக்கிறது. இரவுண்ணாமையை முன்னோர் ஏன் விதித்தனர் என்பதற்கு அந்த விளக்கடியே சான்று. ஞாயிறு மறையுமுன் உண்டு முடித்த இல்லத்தில், அதன்பின் தேவையின்றி வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த நோன்பின் பயன் பாதிதான்.

நாலறிவுயிர்களுக்குக் கறிவேப்பிலைச் செடியும் எலுமிச்சைச் செடியும் தாய்வீடு. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகள் அவற்றின் இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டை இடுகின்றன. வெளிவரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும்; பறவை அதை உணவென்று அறிவதில்லை. வளர்ந்தபின் இலைப்பச்சை நிறம் கொள்ளும். தீண்டினால் தலையின் பின்னிருந்து கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடி வீசும். கடிக்கவோ கொட்டவோ அதற்குத் தெரியாது. பின்னர்க் கூடாகி, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் சிறகுடன் பறந்துவிடும்.

புரட்டாசியில் வேறொரு காட்சி. நீல வரியன் முதலிய வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் செல்லும். கோடையில் மேற்கு மலைத்தொடரிலிருந்து கிழக்கே வந்தவற்றின் வழித்தோன்றல்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேற்கு நோக்கித் திரும்பும் பயணம் அது. வழியில் தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பைச் செடியிலும் அவை மொய்த்திருப்பதைக் காணலாம். அச்செடிகளில் உள்ள ஒருவகைச் சாறு ஆண் பூச்சிகளுக்கு இன்றியமையாதது. களை என்று பிடுங்கி எறியப்படும் செடி, நெடும்பயணம் போகும் உயிருக்குத் தங்கும் சத்திரம்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது ஊர்ச்சொல். இப்பருவத்தில் திரளும் மஞ்சள்நிறத் தட்டான்களில் ஒருவகை, அக்டோபரில் மாலத்தீவில் பெருந்திரளாக வந்திறங்குகிறது. அது இந்தியாவிலிருந்து கடல்மேல் பறந்து கிழக்காப்பிரிக்கா வரை செல்வதாக ஆய்வாளர் கருதுகின்றனர். விரல் நீளமுள்ள ஓருயிருக்கு இத்துணை ஆற்றல்!

ஐயறிவுயிர்களில் தேரையும் தவளையும் முதலில் குரல் கொடுப்பவை. அவற்றைக் கேட்க முயல வேண்டியதில்லை. ஐப்பசியில் வரும் விருந்தாளியையே தேடிக் காண வேண்டும். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் தோட்டக்கள்ளன் அது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு எனப் பல நிறம் உடையது. காலையும் மாலையும் ஆறு மணி அளவில் இருமுறை சீட்டி அடிப்பது போலக் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்றும் பெயர். இரவில் பறந்துவந்து, களைத்துப்போய், வீட்டுத் தோட்டத்திலும் சில வேளை தாழ்வாரத்திலும் வீழ்ந்து கிடக்கும். அதன் உணவு உதிர்ந்த சருகுக்கு அடியில் இருக்கிறது; சருகைப் புரட்டிப் புழுபூச்சியைத் தேடும். சருகைக் கூட்டித் தீமூட்டிய தோட்டத்தில் அதற்கு வேலையில்லை.

இவ்வளவும் இருக்கும் கொல்லையில் இன்று நடப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிழங்கை விலக்கும் இல்லம், நீரை வடிகட்டிப் பருகும் இல்லம், அந்திக்கு முன் உண்ணும் இல்லம், அதே கொல்லையில் ஆள் வைத்துப் பூச்சிமருந்து அடிக்கிறது. வேலியோரத்தில் களைக்கொல்லி தெளிக்கிறது. பாம்பு வரும் என்று முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசுகிறது. புரட்டாசியில் கூட்டிய சருகை மூலையில் எரிக்கிறது. சமையலறைக்குள் காத்த நோன்பு, பின்கதவைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. இது தீய எண்ணத்தால் நேர்வதன்று. அங்கே உயிர் இருக்கிறது என்று கண் அறியாததால் நேர்வது.

இல்லறத்தாரின் இம்சையை ஆசாரியர்கள் நான்காக வகுத்துள்ளனர். வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, கொல்லும் எண்ணத்தோடு செய்வது என அவை நான்கு. முதல் மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும்; நான்காவதை முற்றும் விலக்க வேண்டும். தமிழ்ஜைனர் பல தலைமுறையாக வேளாண் குடிகள். உழவில் நேரும் இம்சை தொழிலின்பாற்படும். அதை வருந்திக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தோட்டத்தில் பிழைப்பு எதுவும் இல்லை. கறிவேப்பிலையில் நான்கு இலை ஓட்டையானதற்காக, ஊரும் புழுவின்மேல் அறிந்தே மருந்து தெளித்தால் அது எந்த வகையில் சேரும்? ஒவ்வோர் இல்லத்தாரும் தமக்குள் விடை காண வேண்டிய கேள்வி இது. ஆளை வைத்துச் செய்வித்தாலும், செய்வதைக் கண்டு உடன்பட்டாலும் அதே வினை என்று அறம் சொல்வதையும் உடன் நினைக்க வேண்டும்.

செய்யக்கூடியவை எளியவை. கறிவேப்பிலைச் செடி ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஒன்று சமையலுக்கு, மற்றொன்று புழுவுக்கு. முதற்செடியில் புழு கண்டால் அது இருக்கும் இலையோடு எடுத்து இரண்டாவதில் விடலாம். சருகை எரிக்காமல் மரத்தடியில் பரப்பினால் மண்புழுவும் தோட்டக்கள்ளனும் பயன்பெறும். மண்ணும் ஈரம் காக்கும். முற்றத்தில் நடைபாதை அளவுக்கு மட்டும் சிமெண்ட் போதும். வேலியோரத்தில் இரண்டு முழ அகலத்துக்குக் களை வளரட்டும். பாம்பு அச்சம் உள்ள இடத்தில் வாசலையும் கிணற்றடியையும் மட்டும் திருத்தமாக வைத்துக்கொள்ளலாம். ஈசல் கிளம்பும் மாலையில் வாசல் விளக்கை அணைத்துவிடலாம்.

குழந்தைகளுக்கு ஒரு குறிப்பேடு தரலாம். தினமும் காலையில் கால்மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கண்டதை எழுதட்டும். நாள், மழை உண்டா இல்லையா, எந்தப் பூ, எந்த உயிர், எத்தனை அறிவு என ஐந்து பத்திகள் போதும். தொடுவதும் பிடிப்பதும் வேண்டா. ஆவணியில் தொடங்கிய ஏடு தீபாவளியில் நிறையும்போது, அந்த வீட்டின் சாதுர்மாஸ்யக் கணக்கு கையில் இருக்கும். மும்மணிகளில் முதலாவது நற்காட்சி. அது உண்மையில் உறுதியான நம்பிக்கை கொள்வதைக் குறிக்கும். உயிர் எங்கும் நிறைந்துள்ளது என்று நூலில் கற்ற உண்மையில் அந்நம்பிக்கை ஊன்ற, கொல்லையில் கண்ட காட்சி துணைநிற்கும்.

அறவோர் கையில் ஏந்தும் மயிற்பீலியும் இதையே கற்பிக்கிறது. மயில் தன் இணைசேரும் பருவம் முடிந்ததும் தானே உதிர்க்கும் பீலிகளால் ஆனது அது. எடுத்ததில் நோவு இல்லை. எறும்பை ஒதுக்கும்போதும் நோவு இல்லை. சாதுர்மாஸ்யம் நிறைவுற்றதும் முனிவர்கள் பழைய பீலியை மாற்றிப் புதியதை ஏற்பது மரபு. பீலி ஏந்தாத இல்லறத்தாருக்குத் துடைப்பமும் பூவாளியும் மண்வெட்டியும் இருக்கின்றன. அவற்றையும் பீலியைப் போலக் கருதிக் கையாளலாம்.

தசலட்சண நாட்களின் நிறைவில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருளக் கேட்பது வழக்கம். ஓரறிவு முதல் ஐயறிவு வரை என்று சொல்லிக் கேட்கும் அவ்வேளையில், இவ்வாண்டு இந்திரகோபத்தின் செம்மேனியும், கறிவேப்பிலைப் புழுவின் சிறு கொம்பும், சருகு புரட்டும் குருவியின் நீலத் தோளும் மனக்கண்முன் நிற்கட்டும். முகம் அறிந்த உயிரிடம் மன்னிப்புக் கேட்டவர், மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறக்கும்போது நான்கு முழம் முன்னே பார்த்து அடி வைப்பார்.

அறம் வளர்க. எல்லா உயிரும் இன்புறுக.