மயிலாடி உபதேசியாரும் நம் வீட்டுத் தலைமுறைக் கணக்கும்



முதலில் ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பெயர் என்ன? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். மூன்று கைகள். இதில் இரண்டு பேர் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்று எனக்குத் தெரியும். இன்றைய பேச்சு அந்த இரண்டு கைகளைப் பற்றியதுதான்.

நினைவுச் சொற்பொழிவில் ஒரு கிராமத்துப் போதகரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். நான் மதம் பேச வரவில்லை. தலைமுறைக் கணக்கு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமல் போனது என்பதைப் பேச வந்திருக்கிறேன். நிலம் வைத்திருந்தவனுக்குப் பத்திரம் இருந்தது. கோயிலில் முதல் மரியாதை வாங்கியவனுக்குக் கல்வெட்டு இருந்தது. நமக்கு? திருவிதாங்கூர் அரசு 1836-ல் எடுத்த கணக்கில் மொத்த மக்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். அதில் அடிமைகள் 1,64,864 பேர். எட்டில் ஒருவர். நிலத்தோடு சேர்த்தும், நிலத்திலிருந்து பிரித்தும் விற்கப்பட்டவர்கள். தாய் ஒரு வயலில், பிள்ளை இன்னொரு வயலில். ஆர்லாண்டோ பாட்டர்சன் என்ற சமூகவியலாளர் 1982-ல் எழுதிய நூலில் அடிமைத்தனத்தைச் 'சமூகச் சாவு' என்கிறார். முன்னோரையும் வாரிசையும் உரிமையோடு சொல்லிக்கொள்ள முடியாதபடி ஒருவனை வெட்டி எடுப்பதுதான் அதன் மையம் என்பது அவர் வாதம். முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. சேரிதான் வந்தது.

அந்தத் திருவிதாங்கூரின் தென்கோடியில், சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் மயிலாடி. அங்கே பறையர் குடும்பத்தில் மகாராசன் என்று ஒருவர். (பறையருக்கு இந்தப் பெயர். பத்மநாபபுரத்து அரண்மனையில் என்ன நினைத்தார்களோ!) சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். போன இடத்தில் மனம் நிறையவில்லை. தஞ்சாவூரில் இருந்த உறவினர் வழியாகக் கோலாப் ஐயரைச் சந்தித்து, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். 1800-ஐ ஒட்டிய காலம். பிறகு அவர் அழைத்ததால்தான் 1806 ஏப்ரலில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர், லண்டன் மிஷன் ஊழியர், மயிலாடிக்கு வந்தார். பாடப்புத்தகத்தில் இது தலைகீழாக இருக்கும். வெள்ளைக்காரர் வந்தார், இருளை நீக்கினார் என்று. வந்தவரை வரவழைத்தது ஒரு பறையர்.

1809-ல் மயிலாடியில் ஆலயமும் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி இன்றும் தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. கோயில் இருக்கும் தெருவில் நடக்க முடியாத பிள்ளை, கூரைக்குக் கீழே உட்கார்ந்து அரிச்சுவடி படித்தது. படிப்போடு கூடவே இன்னொன்றும் நடந்தது. சபைப் புத்தகத்தில் பெயர் ஏறியது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி. வரி வாங்குவதற்காகவோ விற்பதற்காகவோ இல்லாமல் நம் பெயரை ஒருவர் மை தொட்டு எழுதியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

1816-ல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து ஊரை விட்டுப் போனார். போகும்போது தன் ஊழிய அங்கியை வேதமாணிக்கத்துக்கு உடுத்தி, சபைகளை அவரிடம் ஒப்படைத்தார். 1818-ல் மீட் ஐயர் வரும் வரை, ஏறக்குறைய இரண்டு வருடம், வெள்ளைக்காரர் யாரும் இல்லாமல் அந்தச் சபைகளைக் கட்டிக்காத்தது அவர். ஆனாலும் மிஷன் ஏடுகளில் அவர் 'உபதேசியார்' மட்டும்தான். அங்கே உள்ளூர்க்காரர்களுக்கு முறைப்படி ஆயர் பட்டம் கொடுக்க இன்னும் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆயிற்று. அங்கி கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு 'பொறுப்பு' என்ற பெயரில் வேலையைக் கொடுத்து, பதவியைக் கொடுக்காத அலுவலகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மீட் ஐயர் கதையும் கேட்க வேண்டியது. மனைவியை இழந்த அவர், 1850-களின் தொடக்கத்தில் பறையர் வழிவந்த கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். சக ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். அவர் மிஷனை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஞானஸ்நானத்தில் சாதி கரைந்துவிடும் என்று பிரசங்கம் செய்தவர்களுக்கு, கல்யாணத்தில் மட்டும் அது கரையவில்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? வேதமாணிக்கத்தின் குடும்ப வழியில் வந்த சி. எம். ஆகூர் 1903-ல் திருவிதாங்கூர்ச் சபை வரலாற்றை எழுதி அச்சிட்டார். சபை வரலாறு என்று பெயர். உள்ளே ஓடுவது ஒரு குடும்பத்தின் நினைவும்தான். இன்று சுவருக்குச் சுவர் 'ஆண்ட பரம்பரை' போஸ்டர் ஒட்டுகிறார்கள். நம்மில் சிலரும் அந்தப் பந்தயத்தில் ஓடுகிறோம், எங்காவது ஒரு ராஜா கிடைக்க மாட்டாரா என்று. ஆகூருக்கு ராஜா தேவைப்படவில்லை. யாத்திரை போனவர், பள்ளிக்கு இடம் கொடுத்தவர், உதை வாங்கியவர் போதுமானவர்களாக இருந்தார்கள். எனக்கு இந்த வகைப் பரம்பரைதான் வேண்டும்.

இப்போது சேலத்துக்கு வருவோம். அதே லண்டன் மிஷன் 1827-ல் சேலத்தில் ஊழியம் தொடங்கியது. நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றின் பெயர்களும் அப்படி ஏடேறின. ஆனால் அந்த ஏட்டை வெளியே காட்ட இன்று பயப்படுகிறோம். ஏன்? 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, அரசு கொடுத்த பெட்டிக்கடையைத் தனக்கும் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் இல்லை என்றது. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிரூபிக்கச் சொன்னார்கள். செருப்புத் தைக்கும் கையை விட என்ன நிரூபணம்? 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், குழந்தையாக இருந்தபோது பதிந்த ஞானஸ்நானப் பதிவே அவருக்கு எதிரான சாட்சியம் ஆனது. மயிலாடியில் நம்மை மனிதராக எழுதிய அதே புத்தகம், நீதிமன்றத்தில் நம் பிள்ளையின் சான்றிதழைப் பிடுங்குகிறது.

கெங்கவல்லி தனித் தொகுதி. இந்த ஊர்க் கிறித்தவத் தலித் இங்கே ஓட்டுப் போடலாம், கொடி கட்டலாம், ஜீப்பில் தொங்கலாம். வேட்புமனு மட்டும் போட முடியாது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே இந்தத் தடையை நீக்கச் சொன்னது. 2022-ல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம். எனவே குடும்பங்கள் இரண்டு பெயரோடு வாழ்கின்றன. சர்ச்சுக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று. பொய் சொல்கிறார்கள் என்று மேடையேறிப் பேசுகிறவர்களிடம், அந்தப் பொய்யை எழுத வைத்த ஆணை எந்த ஆண்டு வந்தது என்று கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சபைப் புத்தகத்தில் தகப்பன் வழிதான் அதிகம் கிடைக்கும். அம்மாவின் அம்மா, அவருக்கு அம்மா, எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்கள், யாருடைய வயலில் நட்டார்கள், வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போன பெண் யார் என்பது ஏட்டில் இருக்காது, பாட்டிகளிடம் இருக்கும். இந்து வீடு, கிறித்தவ வீடு என்று பார்க்காமல் கேளுங்கள். ஆத்தூரிலும் தம்மம்பட்டியிலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறுப்பு முடிகிற மாதத்தில் போனால் உட்கார்ந்து பேசுவார்கள். போனில் பதிவு செய்தால் போதாது, நோட்டில் எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே திட்டுவார்கள்.