துரைமார் சட்டையும் வண்ணார் குறியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

சென்ற வருடம் நமது மன்றம் பழம்பொருள் சேர்க்கத் தொடங்கியபொழுது, செப்புக் குடமும் உரலும் காவடித் தண்டும் வந்து குவியுமென்று எதிர்பார்த்தோம். முதலில் வந்து சேர்ந்ததோ ஒரு காக்கிச் சட்டை! பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் வேலை பார்த்த ஒருவருடைய பேரன், தம் பாட்டனாரின் தகரப் பெட்டியில் கிடந்ததென்று அதைக் கொண்டுவந்து தந்தார். "இது துரைமார் பட்டாளத்துச் சட்டை, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டனர். அக்கேள்விக்கு விடை சொல்லவே இன்று நாம் எழுந்து நிற்கிறோம்.

இத்தகைய சட்டைகள் நம் மலைக்கு வந்த வரலாற்றை முதலில் பார்ப்போம். 1881 இல் இலங்கையில் தொண்டர் படை ஏற்படுத்தப்பட்டது. சம்பளப் பட்டாளத்தில் சேராமல், தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஓய்வு வேளையில் ஆயுதப் பயிற்சி பெற்றவர்களே இத்தொண்டர்கள். 1900 இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை தோன்றியது. ஐரோப்பியர் மாத்திரமே அதில் சேரலாம். வார நாட்களில் பிரட்டுக் களத்தில் ஆள் கணக்குப் பார்த்த பெரிய துரையும் சின்னத் துரையும் பயிற்சி நாளில் காக்கி அணிந்து சிப்பாய்களாயினர்.

1914 ஒக்டோபரில் இப்படையைச் சேர்ந்த 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினர். 1915 ஏப்பிரலில் கலிப்பொலிக் கரையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு நின்று, தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவலாக இருந்தனர். அதே 1915 இல் கண்டியில் தொடங்கிய கலவரம் நாட்டில் பரவியபோது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பஞ்சாபிச் சிப்பாய்களோடு ஐரோப்பியத் தொண்டர்களும் துப்பாக்கி ஏந்தி ஊர்களில் புகுந்தனர். ஆகவே அக்காக்கியில் வீரமும் உண்டு, அடக்குமுறையும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே சரித்திரம். சுதந்திர இலங்கை தன் சொந்த இராணுவத்தை அமைத்த 1949 ஆம் ஆண்டிலேயே துரைமார் படை கலைக்கப்பட்டது.

சரி, கையில் கிடைத்த சட்டை எப்படையினது, எக்காலத்தது என்று அறிவது எப்படி? சில அடையாளங்களைச் சொல்கிறோம்; இளைஞர்கள் மனத்திற் கொள்க.

பொத்தானிலும் சின்னத்திலும் உள்ள முடியை முதலில் நோக்குங்கள். விக்டோரியா மகாராணி காலத்து முடியின் வளைவு நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கும். 1901 இற்குப் பின் வந்த அரசர்கள் காலத்து முடி மேடாகக் குவிந்திருக்கும். எலிசபெத் அரசியார் காலத்தில் மீண்டும் நடுவில் தாழ்ந்தது. துரைமார் படையோ அவர் பட்டத்திற்கு வருமுன்பே கலைந்துவிட்டது. எனவே எலிசபெத் முடி பொறித்த ஒன்றை அப்படையின் சின்னமென்று எவராவது விற்க வந்தால், விலை கேளாமலே திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது பெயர். 1910 வரை 'இலங்கைத் தொண்டர் படை' என்ற பெயர் வழங்கிற்று. அவ்வாண்டில் அது 'இலங்கைப் பாதுகாப்புப் படை' ஆயிற்று. பழைய கடிதத் தலைப்பில் எப்பெயர் இருக்கிறதென்று பார்த்தாலே காலம் ஓரளவு தெளியும். அம்பு போன்ற குறி இருந்தால் அது பிரித்தானிய அரசாங்கத்துச் சொத்தாக இருந்த பொருள். பதக்கம் கிடைத்தால் அதன் விளிம்பைப் பாருங்கள்: முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெற்றவரின் பெயரும் படையும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே நாம் செய்த தவறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொத்தான்கள் பளபளக்கட்டுமென்று நம் பிள்ளைகள் பித்தளை மெருகு போட்டுத் தேய்த்துவிட்டனர். முடி குவிந்ததென்று கண்டுகொள்ளும் அளவுக்கே உருவம் மிஞ்சியது. தோளில் எழுத்துச் சின்னம் இருந்த இடத்தில் துளைகள் மட்டும் இருந்தன. "கலிப்பொலிக்குப் போன சட்டை" என்று அட்டையில் எழுதிவிடலாமே என்றார் ஒருவர். நாம் மறுத்தோம். பொத்தான், பொத்தானின் வயதைத்தான் சொல்லும். சட்டை கடல் கடந்ததென்று அது சாட்சி சொல்லாது. "அரசர் காலத்துப் பொத்தான்களுடைய காக்கிச் சட்டை, படை தெரியவில்லை" என்றே எழுதினோம்.

ஆனால் அச்சட்டை வேறொன்றைச் சொல்லிற்று. கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் இரு கோடும் ஒரு புள்ளியுமாகக் கறுத்த அடையாளம். இளைஞர்கள் அதைப் படையின் இரகசியக் குறியென்று எண்ணினர். கூட்டத்திலிருந்த பாட்டியார் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சிரித்து, "அது வண்ணார் குறியப்பா!" என்றார். சேங்கொட்டைப் பாலால் இடும் குறி. எத்தனை வெளுப்புக்கும் அழியாது. எந்த வீட்டுத் துணி எதுவென்று வெளுப்பவர் அறிய இட்டது.

சபையோரே! துரையின் பெயர் படைப் பட்டியலில் இருக்கும். பதக்க விளிம்பில் இருக்கும். அவர் சட்டையை வெளுத்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் இட்ட குறி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நம் முன்னோருக்கும் ஒரு சின்னம் இருந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்து, கடல் தாண்டி வந்தவரின் கழுத்தில் தொங்கிய தகர டிக்கட்தான் அது. வேறு தோட்டத்தில் வேலை கேட்கத் 'துண்டு' என்னும் சீட்டு இன்றியமையாததாக இருந்தது. 1921 இல்தான் அம்முறை ஒழிந்தது. துரையின் பித்தளைச் சின்னத்தைப் பெட்டியில் வைத்துக் காத்த நாம், பாட்டனாரின் தகரத்தைக் காத்தோமா?

ஆதலால் நமது வேண்டுகோள் இது. எதையும் தேய்க்காதீர்கள், வெளுக்காதீர்கள். துவைத்து உலர்த்திய கோறாத் துணியில் சுற்றி, மலைப் பனியின் ஈரம் படாமல் வையுங்கள். யார் வீட்டில் இருந்தது, எப்படி வந்தது என்று பெரியவர்கள் சொல்வதை அன்றே எழுதுங்கள்; சொல்பவர் போனபின் பொருள் ஊமையாகிவிடும். பழைய இரும்புக்காரரிடம் எடை போடுமுன் ஒருமுறை மன்றத்தில் காட்டுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் அக்காக்கிச் சட்டையின் அருகே ஒரு தகர டிக்கட்டையாவது வைக்க வேண்டும் என்பது நம் ஆசை. அது உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கக்கூடும். இன்றிரவே திறந்து பாருங்கள்.